முட்டி மடங்கினால் மட்டும் போதாது

பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: "முட்டி எவ்வளவு மடங்குது?" கால் நேராக நீளுகிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் அனுபவத்தில், திரும்ப நடப்பதற்கு முதலில் வேண்டியது அதுதான்.

முட்டியின் உள்பக்கம், வெளிப்பக்கம், முன்பக்கச் சில்லு என்று மூன்று பகுதிகள் உண்டு. எனக்குத் தேய்ந்திருந்தது உள்பக்கம் மட்டும். அதை மட்டும் மாற்றினார்கள், தசைநார்களைத் தொடவில்லை. அதனால் முழு மாற்று செய்துகொண்டவர்களைவிடச் சீக்கிரம் எழுந்து நடக்க முடிந்தது. ஆனால் எழுந்து நடப்பது வேறு, நொண்டாமல் நடப்பது வேறு.

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, அக்கா பாசத்தோடு முட்டிக்கு அடியில் வைத்திருந்த தலையணையை உருவினாள். "அம்மா, இது சுகமா இருக்கும், ஆனா முட்டி இப்படியே மடங்கி நின்னுடும். வேணாம்." ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கீழே அழுத்தச் சொன்னாள். எவ்வளவு முயன்றும் தொடை அசையவே இல்லை. வீக்கம் இருந்தால் தொடைத் தசை தானாகவே அணைந்துவிடுமாம். என் கையை எடுத்துத் தொடைமேல் வைத்து, "இங்கதான், இங்க இறுக்குங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து முட்டிச் சில்லு லேசாக மேலே ஏறி இறங்கியது. அவளைவிட நான்தான் உரக்கக் கத்தினேன். முட்டி முழுசாக நீளாவிட்டால் நிற்கும்போதுகூடத் தொடைக்கு ஓய்வு கிடைக்காது, நடை சாயும், இடுப்பும் வலிக்கும் என்று அவள் விளக்கியபோதுதான் அந்தத் துண்டின் அருமை எனக்குப் புரிந்தது.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறியபோது, தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும் என்றாள். மாடிப்படிக்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். லிஃப்ட் இல்லாத எங்கள் குடியிருப்பில் அதை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே ஏறி இறங்கினேன்.

வெளியே நடக்க நான் தேர்ந்தெடுத்தது லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா. எங்கள் தெரு நடைபாதையில் ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். புது முட்டிக்கு அது ஆகாது. பூங்காவில் பாதை சமமாக இருக்கும், களைத்தால் உட்காரப் பெஞ்சும் உண்டு. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக மனசு துடித்தது. மணலில் கால் புதையும். அலையோரத்து ஈர மணலோ கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நிற்கும். அதனால் வெகுநாள் அங்கே சாலையோர நடைபாதையோடு சரி.

எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை மறுநாள் காலை முட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். ராத்திரி கொஞ்சம் வீங்கி, ஐஸ் வைத்துக் காலைக்குள் வடிந்துவிட்டால், அதே தூரம் தொடரும். காலையிலும் வீங்கி, சூடாக இருந்தால் அன்று பூங்கா கிடையாது, வீட்டுப் பயிற்சி மட்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ பொறுத்துப் பார்க்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று டிஸ்சார்ஜின் போதே சொல்லி அனுப்பினார்கள். புதிதாக ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். ஜிம்மில் சீட்டை உயர்த்தி வைத்து சைக்கிள் மிதிக்கிறேன். தழும்புக்கு வெளிப்பக்கம் ஓரிடம் இன்னும் மரத்தே இருக்கிறது. முட்டி போட்டால் உறுத்துகிறது. பூஜைக்குக் குட்டி ஸ்டூல் போட்டுக்கொண்டேன். ஷட்டில், ஓட்டம் இரண்டும் வேண்டாம் என்று என் டாக்டர் சொல்லிவிட்டார். நீச்சலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார், அடுத்த மாதம் சேரப் போகிறேன்.