டூட்டி முடிந்தும் இறங்காத பாரம்

வார்டில் ஒரு மரணம் நடந்த அன்றைக்குத்தான் மனசில் ஒட்டிக்கொள்வதை விடப் பழகவேண்டும் என்று பலருக்குத் தோன்றுகிறது. நீச்சல் பழக யாரும் தாமிரபரணியில் வெள்ளத்தன்று இறங்குவதில்லை. செவிலியர் பணியில் சின்னதிலிருந்துதான் தொடங்கவேண்டும். ரவுண்ட்ஸில் டாக்டர் போட்ட சத்தம், "இந்தப் புள்ளைக்கு ஊசி போடவே தெரியலியே" என்று ஒரு ஆச்சி சொன்ன சொல். ஒரு ஷிஃப்டுக்கு ஒன்று, அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இரண்டு மூன்று மாதம் இதிலேயே போகும், போகட்டும். பிறகு பாராட்டு. "நீங்க இருந்தாத்தான் சிஸ்டர் எங்கய்யா சாப்பிடுதாரு" என்பது வசவைவிட இறுக்கமாக ஒட்டும். மனிதர்களை விடுவது கடைசிப் பாடம்.

இதற்கென்று தனி நேரம் கிடைக்காது. சோப்புப் போட்டுக் கைகழுவ 40 முதல் 60 விநாடி ஆகிறதே, அது போதும். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விட்டால் நாலைந்து மூச்சு. உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று கை போகிற இடத்துக்கே மனமும் போகட்டும். குழாயை மூடும்போது இப்போது பார்த்துவந்தவர் பெயரை ஒருமுறை மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம்.

ராத்திரி தோசை சுடும்போது "ஏழாம் கட்டிலுக்குப் பொட்டாசியம் ரிசல்ட் வந்திருக்குமா" என்று அரித்தால் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பாதியில் விட்ட வேலை. ஷிஃப்ட் முடிந்து அடுத்த சிஸ்டரிடம் வார்டை ஒப்படைத்து ஓவர் கொடுக்கும்போது செய்தது, பாக்கி, சந்தேகமாக இருப்பது மூன்றையும் கட்டிலருகே நின்று சொல்லி, பாக்கியை நோட்டில் எழுதி, அடுத்த சிஸ்டர் திருப்பிச் சொல்லக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் அரிப்பில் பாதி அடங்கிவிடும்.

விடுவதாக நினைத்து மரத்துப்போவதுதான் பெரிய ஆபத்து. நோயாளியின் பெயர் போய்க் கட்டில் நம்பர் மட்டும் நிற்கும். வலியில் முகம் சுளிப்பது கண்ணில் படாது. வார்டில் காட்டாத கோபம் வீட்டில் பிள்ளைகள்மேல் இறங்கும். விட்டவர் மரத்துப்போகவேண்டும் என்பதில்லை. 1887இல் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் மலாயாவில் பத்தாண்டு மருத்துவராக இருந்தவர். 1924இல் ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கிய பிறகும் நோயாளிகளைப் பார்ப்பதை அவர் விடவில்லை.

திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வடிந்ததும் சேற்றை அள்ளிக் கழுவுவார்கள். சாவு நேரத்திலும் அப்படித்தான்: மற்ற கட்டில்களின் மருந்து நேரத்தைப் பக்கத்திலிருப்பவரிடம் ஒப்படைத்துவிடவேண்டும். பிறகு அவசரமில்லாமல் கண்ணிமையை மூடி, ட்ரிப்ஸ் ஊசியை எடுத்து, பிளாஸ்திரி ஒட்டின தடத்தை ஈரப் பஞ்சால் துடைக்கவேண்டும். அந்தப் பிசுக்கு ஒரே துடைப்பில் போகாது. தோல் உரியாமல் மெதுவாகத்தான் எடுக்கமுடியும். அப்போது கண்ணீர் வந்தால் வரட்டும். வீட்டார் கையைப் பிடித்து அழுதால் நிற்கலாம். போன் நம்பரைப் பதிந்துவைத்து வாராவாரம் கூப்பிடுவது வேண்டாம். பதினாறாம் நாளுக்கு அழைத்தால் போய்விட்டு வருவதோடு சரி.

குழந்தை இறந்த அன்று இந்தப் பயிற்சி எதுவும் கைகொடுக்காது. அன்றைக்குத் தனியாக இருக்கக்கூடாது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கவேண்டும், முடிந்தால் அடுத்த இரண்டு ஷிஃப்டுக்கு வேறு வார்டு கேட்டுக்கொள்ளவேண்டும். இரண்டு வாரமாகியும் தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும்.