ஒன்பது மணிக்குள் மதுரை

பிப்ரவரி 15, 2025, சனி

தங்கச்சி மகள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கியிருக்கிறாள். ஒரு மாதம் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். மாடி அறையில் மேஜை போட்டு, ஒயரெல்லாம் இழுத்துவிட்டு, நெட் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் காபியே குடித்தாள்.

பெங்களூரில் இப்போது தெருவெல்லாம் ரோஸ் கலரில் மரம் பூத்துக்கிடக்கிறது என்று போனில் படம் காட்டினாள். தபேபுயா என்று பெயராம். இலையே தெரியாமல் மரம் முழுக்கப் பூ. "மதுரையில இப்ப என்ன மாமா பூக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக இதே ஊரில்தான் இருக்கிறேன். "வெயில்தான் பூக்கும்" என்று மழுப்பினேன். அடுப்படியிலிருந்து என் வீட்டம்மா குரல் கொடுத்தாள்: "கொல்லையில முருங்கை பூத்து நிக்குது. கண்ணைத் திறந்து பாருங்க." எட்டிப் பார்த்தேன். நிஜம்தான், மரத்தடியில் வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது.

அவளுக்குப் பத்து மணிக்கு வேலை. எனக்கும் பத்துக்குத்தான், கீழமாசி வீதி மண்டியில் கணக்கு எழுதப் போகவேண்டும். அதனால் ஊர் சுற்றுவதென்றால் விடிகாலையில் கிளம்பி ஒன்பதுக்குள் வீடு திரும்புவது என்று பேசி முடித்தோம்.

பிப்ரவரி 17, திங்கள்

ஐந்தேமுக்காலுக்குத் தெப்பக்குளம். ஸ்கூட்டரில் போகும்போது அவள் துப்பட்டாவைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். பெங்களூர்க்காரிக்கே குளிர்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அம்மா சொல்வார்.

போன வாரம்தான் தெப்பத் திருவிழா முடிந்தது. குளத்தில் தண்ணீர் நிறைந்து, மைய மண்டபம் தலைகீழாக உள்ளே தெரிந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தக் குளத்துக்குள் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். தண்ணீர் இல்லாத வருஷங்களில் தெப்பம் நிலையிலேயே நிற்கும், சாமி வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். பனையூர்க் கால்வாயைச் சரிபண்ணி வைகைத் தண்ணீரை உள்ளே விட்ட பிறகுதான் தெப்பம் மறுபடி மிதக்கிறது.

திருமலை நாயக்கர் மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் என்றும், தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். "முக்குறுணின்னா?" என்றாள். குறுணிக்கு ஆறு படி, முக்குறுணிக்குப் பதினெட்டு. சதுர்த்திக்கு அத்தனை படி அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை. மண்டியில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஊர்க் கதையில் இந்த மாதிரி விஷயம்தான் மனசில் நிற்கிறது.

ஏழரை வரை நடந்தோம். அதற்கு மேல் வெயில் முதுகில் ஏறிவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மதுரையில் என்ன பூக்கும் என்று கேட்டவளிடம் போய் முழித்திருக்கிறேன்.

தையில் மல்லி விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பனியில் மொட்டு பிடிக்காது, வரத்து சுருங்கிவிடும். கார்த்திகை, மார்கழி வாக்கில் செடியைக் கவாத்து பண்ணி விடுகிறார்கள். அது தளிர்த்து மாசியில் மொட்டு கட்ட ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரையில் அள்ளி அள்ளிக் கொடுக்கும். நாங்கள் போனது அதன் தொடக்கம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மூட்டைகளைப் பிரித்துக் கொட்டக் கொட்ட, ஒரு பக்கம் தராசு, ஒரு பக்கம் சத்தம். இருட்டோடு பறித்த மொட்டு, இன்னும் ஈரம் காயவில்லை.

ஒரு வியாபாரி மொட்டு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். காம்பு நல்ல கெட்டி, மொட்டு உருண்டை. காம்புப் பக்கம் லேசான பச்சை, நுனியில் வெள்ளை. "இப்ப மோந்து பாரு, ஒண்ணும் இருக்காது. ராத்திரி ஏழு மணிக்கு மோந்து பாரு" என்றார். அவரே இன்னொன்றும் சொன்னார்: மதுரை மல்லிக்கு நாற்று பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்துதான் வருகிறதாம். கடல் மணலில் வேர் பிடித்த செடி. 2013ல் புவிசார் குறியீடு வாங்கியது மட்டும் மதுரைப் பெயரில். அவள் சிரித்தாள். பிறந்த வீடு ஒரு ஊர், பேர் எடுப்பது வாழ்க்கைப்பட்ட ஊர் என்று வீட்டம்மா சாயங்காலம் ஒரு போடு போட்டாள்.

ஏழு மணிக்கு மோந்து பார்த்தோம். மாடிப்படி வரை வந்தது வாசம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அரிட்டாபட்டி. மேலூர் ரோட்டில் போய் உள்ளே திரும்பவேண்டும். ஏழு குன்றுகளுக்கு நடுவில் ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது இந்த இடத்தைத்தான். 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றனவாம். நாங்கள் பார்த்தது மயில், மீன்கொத்தி, அப்புறம் பாறை உச்சியில் வட்டமடித்த ஏதோ ஒரு பெரிய பறவை. அது லகர் வல்லூறு என்று அவள் போனைப் பார்த்துச் சாதித்தாள். எனக்கென்னவோ பருந்து மாதிரிதான் இருந்தது.

பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில், முற்காலப் பாண்டியர் காலத்தது. வாசலில் ஒரு பக்கம் பிள்ளையார், மறு பக்கம் பாசுபத சைவத்தின் குருவான லகுலீசர். லகுலீசரைத் தமிழ்நாட்டில் இப்படிப் பார்ப்பது அபூர்வம். நாங்கள் போனபோது கோயிலில் யாரும் இல்லை. உள்ளே நின்றால் வெளியே தவிட்டுக்குருவி கத்துவது பாறையில் மோதித் திரும்பி வந்தது.

டீக்கடையில் பேச்சு முழுக்க டங்ஸ்டன்தான். இந்தப் பக்கம் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டதை எதிர்த்து, ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஊர் ஊராகத் திரண்டு நடந்து வந்தார்கள். அன்றைக்கு எங்கள் மண்டிக்கு வண்டி எதுவும் வரவில்லை என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. நான் முணுமுணுத்ததை டீக்கடைக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

திரும்பும் வழியில் புளியமரங்களை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே சாக்கு விரித்து, பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்கள். மண்டியில் புதுப்புளி வரத்துத் தொடங்கிவிட்டது. இந்த வருஷம் கலர் நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்று சிவராத்திரி. மதுரைப் பக்கத்து ஆட்களுக்குச் சிவராத்திரி என்றால் சிவன் கோயிலைவிடக் குலசாமி கோயில்தான். உசிலம்பட்டி ரோடு முழுக்க வேனும் பஸ்ஸுமாக, சாமி சாமான் வைத்த மாசிப்பெட்டியைத் தூக்கிப்போகிறவர்களுமாக. எங்கள் சாமி ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறது. பங்காளிகள் அத்தனை பேரும் தலைக்கட்டு வரி கொடுத்துவிட்டு, வருஷத்தில் இந்த ஒரு ராத்திரி ஒன்றாக உட்காருவோம்.

அவளுக்குக் குலசாமி வேறு. அப்பா வழி, ராஜபாளையம் பக்கம். "அப்ப நான் விருந்தாளி, வரி கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வந்து, எல்லாரையும்விட அதிகப் பொங்கல் சாப்பிட்டாள். பெரியப்பா மகன் வரி நோட்டோடு அவளைத் தேடிக்கொண்டு வந்தது தனிக் கதை.

ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டுச் சத்தம் ஓய்ந்த பிறகு, பாயை விரித்துப் படுத்தோம். முகத்தில் பனி இறங்குவது தெரிந்தது. சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும் என்பார்கள். "அப்ப இதுதான் கடைசிப் பனியா மாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தூங்கிப்போனாள்.

மார்ச் 4, செவ்வாய்

தூரமாக எங்கும் போகவில்லை. மாசி வீதிகளைச் சும்மா சுற்றிவந்து பருத்திப்பால் குடித்தோம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவது. அவள் முதலில் பயந்தாள், பிறகு இரண்டாவது டம்ளர் கேட்டாள்.

சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று கேட்டாள். மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றிவிட்டார் என்பது ஊர் சொல்கிற கதை. மாசியில் அறுவடை வேலை, சனம் வரமுடியாது என்று காரணம் சொல்வார்கள். விழா நகர்ந்துவிட்டது, தெருவுக்கு மட்டும் பழைய மாதத்தின் பெயர். நியாயமாக இந்தப் பின்பனிக் காலத்தில்தான் மதுரையில் தேர் பார்க்கவேண்டும். இளவேனில் என்று புத்தகம் சொல்கிற சித்திரையில் தார் உருகுகிற ரோட்டில் நின்று பார்க்கிறோம்.

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கு நடந்தது முழுக்க என் தப்பு. அவளுக்கு மதியம்தான் வேலை என்றதும், நானும் லீவு சொல்லிவிட்டு, நிதானமாக இட்லி சாப்பிட்டு ஒன்பது மணிக்குச் சமணர் மலைக்குக் கிளம்பினோம். நாங்களே போட்ட சட்டத்தை நாங்களே மீறியது.

கீழக்குயில்குடியில் மலையடிவாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஆலமர நிழல், தாமரைக் குளம், அய்யனார் கோயில். கோயில் இருக்கிறதே என்று அவள் செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டுவிட்டாள். நான் கழற்றவில்லை. பக்தி குறைவுதான், அனுபவம் கொஞ்சம் உண்டு.

மேலே பேச்சிப்பள்ளம் என்கிற இடத்தில் பாறை முகத்தில் வரிசையாக எட்டுச் சமண உருவங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதர், காலில் கொடி சுற்றியதுகூடத் தெரியாமல் நிற்கும் பாகுபலி. அடியில் வட்டெழுத்து. செதுக்கச் சொன்னவர்களின் பேரையும் ஊரையும் சொல்கிற வரிகள். விரலால் எழுத்தைத் தொடாமல், அரை அங்குலம் தள்ளி வைத்து அவள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு எழுத்துகூட இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியவில்லை. காலையில் வந்திருந்தால் சாய்வெளிச்சத்தில் எழுத்து எடுப்பாகத் தெரிந்திருக்கும். பத்தரை மணி வெளிச்சத்தில் பாறை வெளுத்துப்போய் நின்றது.

இறங்கும்போதுதான் சோதனை. பாறை தோசைக்கல். அவள் நாலு படி தாவுவாள், புல் முளைத்த இடத்தில் நிற்பாள், மறுபடி தாவுவாள். என் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு காலில் செருப்போடு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தோம். கீழே பார்த்தால் அவள் செருப்பில் ஒன்றுதான் இருக்கிறது. மற்றதை நாய் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாக டீக்கடை அம்மா சாட்சி சொன்னார்.

மலையின் மறு பக்கம் செட்டிப்புடவு இருக்கிறது. குகையில் இருக்கும் தீர்த்தங்கரரின் நீண்ட காதைப் பார்த்துச் செட்டியார் என்று ஊர் வைத்த பேர். அங்கே போகவில்லை. அதைச் சொன்னாலே காலைத் தடவிக்கொள்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

கீழடி அருங்காட்சியகம். வெயிலுக்கு ஒதுங்கவும் ஆயிற்று. 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி தாழ்வாரமும் முற்றமுமாக. கூட்டம் அதிகம். பாதிப் பேர் பொருளுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

'ஆதன்' என்று பானையில் கீறிய எழுத்து, சூதுபவள மணிகள், தக்களி, விளையாட்டுக் காய்கள். அவள் ரொம்ப நேரம் நின்றது பகடைக்காய் முன்னால். எனக்குத் தோன்றியது வேறு: பானையில் பேர் எழுதி வைத்தவன் பாத்திரம் இரவல் கொடுத்து ஏமாந்தவனாக இருக்கவேண்டும். எங்கள் வீட்டு எவர்சில்வர் அத்தனையிலும் பேர் வெட்டியிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

பங்குனி பிறந்துவிட்டது. காலை ஏழுக்கே விசிறி தேடுகிறது கை. மூன்று நாளாக எங்கும் கிளம்பவில்லை.

நேற்று ராத்திரி அவளை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றினேன். வீட்டம்மா ஐந்து முழம் மல்லியை வாழையிலையில் சுற்றி, நனைத்த துணி போட்டுக் கொடுத்திருந்தாள். அரைக்கிலோ புதுப்புளியும். "பஸ்ல ஏசி இருக்கு அத்தை, வாடாது" என்று சொல்லிப் பையில் திணித்துக்கொண்டாள். காலையில் மெசேஜ் வந்தது. பூ இல்லை, புளிதான் கசிந்து லேப்டாப் பை முழுக்க ஒட்டிக்கொண்டதாம்.

மாடியைக் கூட்டப் போன வீட்டம்மா கீழே வரவில்லை. போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வேம்பு பூக்கத் தொடங்கி, அவள் மேஜை போட்டிருந்த ஜன்னலுக்கு வெளியே தரையெல்லாம் உதிர்ந்திருந்தது. விளக்குமாற்றை வைத்துவிட்டு, கையால் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள், ரசத்துக்கு. "காஞ்சதும் கொஞ்சம் அவளுக்கு அனுப்பணும். டப்பாவுல போட்டு" என்றாள்.

அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. தூக்கிப் போடலாமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் மாமா, நாய் மனசு மாறிக் கொண்டுவந்தாலும் வரும் என்கிறாள்.