கழுவிய ஃபில்டரும் கண்ணில் படாத ஜெட்டும்

புரட்டாசியில் சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைத்த பிறகு எஞ்சினைக் கொட்டகையில் ஏற்றி வைத்ததுதான். அப்புறம் மழை, நடவு, அறுவடை என்று நாள் ஓடிவிட்டது. 2 இஞ்ச் பம்ப் பூட்டிய 163 சிசி நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும். டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. அதை வடிக்காமல் விட்டது என் தவறு. மாசி பிறந்ததும் கொல்லையில் அம்மாவின் கத்தரிச் செடிகள் தலை தொங்க ஆரம்பித்தன. எஞ்சினை வெளியே எடுத்தேன்.

முதல் நாள் பதினைந்து இழுப்புக்குப் பிறகுதான் பிடித்தது. காற்றைக் குறைக்கும் சோக்கைக் கால்வாசி போட்டு வைத்தால் ஓடியது, புகை கறுப்பாக வந்தது. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினேன், நுனி முழுக்க விளக்குக் கரி மாதிரி படிந்திருந்தது. கரி படிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அதனால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்தேன்.

உள்ளே இரண்டு அடுக்கு. வெளியே ஸ்பாஞ்சு, அதற்குள் மடிப்பு மடிப்பாகக் காகித ஃபில்டர். ஸ்பாஞ்சில் வைக்கோல் தூசும் எண்ணெயும் சேர்ந்து அப்பிக் கிடந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் அமுக்கி அமுக்கிக் கழுவி நிழலில் உலர்த்தினேன். காய்ந்ததும் புது எஞ்சின் ஆயிலில் தோய்த்து, சொட்டு நிற்கும்வரை பிழிந்துவிட வேண்டும். ஆயில் அதிகமாகத் தங்கினால் அதுவே காற்றை அடைக்கும். பெட்ரோலில் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும். காகித ஃபில்டரில் தண்ணீரே படக்கூடாது. மெதுவாகத் தட்டி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக லேசாக ஊதலாம். என்னுடையதை வெயிலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சமே தெரியவில்லை. புதிது வாங்கிப் போட்டேன்.

எல்லாம் மாட்டிக் கிளப்பினால், முன்பைவிட மோசம்! சோக்கை முழுதாக எடுத்துவிட்டதும் சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஃபில்டர் வேலையில் எதையோ கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அன்றிரவு யோசித்தபோதுதான் கணக்குப் புரிந்தது. அடைத்த ஃபில்டர் சோக் மாதிரியே வேலை செய்யும். காற்றைக் குறைக்கும், கலவையில் பெட்ரோல் கூடும். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரிலும் அடைப்பு இருந்து பெட்ரோல் குறைவாக வந்ததால், ஒரு குறை மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்தது. ஃபில்டர் சுத்தமானதும் காற்று தாராளமாக வந்தது, பெட்ரோல் பற்றாக்குறை வெளியே தெரிந்துவிட்டது. வேகம் குறைந்தால், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர், கலவை உள்ளே போகும் கதவான த்ராட்டிலைத் திறக்கும். எஞ்சின் எகிறும். உடனே கவர்னர் மூடும், மறுபடி தொய்யும். அந்த ஏற்ற இறக்கம் இதனால்தான். சோக்கைச் சிறிது போட்டால் ஓட்டம் சீராகிறதா என்று பார்த்தேன், சீரானது. பெட்ரோல்தான் போதவில்லை.

மறுநாள் கார்புரேட்டர். பெட்ரோல் வால்வை மூடி, அதில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தினேன். வந்தது பெட்ரோல் நிறத்திலேயே இல்லை, ஆறிப்போன டீ மாதிரி, பழைய வார்னிஷ் வாடை. 10 எம்எம் போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்கினால், அடியில் வெள்ளைப் பொடி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தால் உள்ளே அரிப்பு வராமல் என்ன செய்யும். ஃப்ளோட் என்கிற மிதவை, அதன் ஊசி, பெட்ரோல் போகும் நுண்துளை உள்ள மெயின் ஜெட், அதற்கு மேலே பக்கவாட்டில் துளைகள் உள்ள குழாய், எல்லாவற்றையும் எடுத்துக் கார்ப் கிளீனர் அடித்தேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துளையில் அடிப்பது வேறொரு துளை வழியாக நேராக முகத்துக்கு வரும்.

மாட்டிக் கிளப்பினேன். கொஞ்சம் தேவலை, ஆனால் ஏற்ற இறக்கம் போகவில்லை.

மாமா இளவயதில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். போன் போட்டுச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார்: "மெயின் ஜெட்டைப் பார்த்த, சரி. ஸ்லோ ஜெட்டை எடுத்தியா மாப்ள?"

குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் அப்படி ஒரு ஜெட் இருப்பதே என் கண்ணில் படவில்லை. என் கார்புரேட்டரில் அது மேல்பக்கம், சும்மா ஓடும் வேகத்தை அமைக்கும் ஐடிலிங் திருகுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. திருகை எத்தனை சுற்றில் கழற்றுகிறோம் என்று எண்ணிக்கொண்டு எடுத்தேன், திரும்பவும் அதே அளவுக்கு வைக்க வேண்டும். பிறகு சிறிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று வெளியே வந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதன் நுனியில் பித்தளைத் துளை. வெயிலுக்குப் பிடித்தேன், இருட்டு. குண்டூசியெல்லாம் விட்டால் துளை பெரிதாகிவிடும். பழைய மின் வயரில் இருந்து ஒரே ஒரு செம்பு இழையைப் பிரித்து மெதுவாக நுழைத்தேன், கிளீனரில் நனைத்தேன், மறுபடி நுழைத்தேன். நான்காவது தடவையில் துளைக்குள் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. அந்த அளவு துளைக்காகவா இரண்டு நாள்!

இதற்காகக் கார்புரேட்டரை முழுதாகவே கழற்றியிருந்தேன். எஞ்சினுக்கும் அதற்கும் நடுவில் பிளாஸ்டிக் துண்டும் அதன் இரண்டு பக்கமும் பேக்கிங்கும் வரும். அந்த இரண்டு பேக்கிங்கும் ஒரே மாதிரி அல்ல. கவர்னர் கம்பியும் மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்பதும் மறந்துபோகும். கழற்றும் முன்பே போனில் படம் எடுத்து வைத்தது இங்கேதான் உதவியது.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றி இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. அரை நிமிடத்தில் சோக்கை எடுத்துவிட்டேன், சத்தம் ஒரே கோடாக நின்றது. பிளக்கைத் துடைத்து இடைவெளி 0.7 எம்எம் வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தால் நுனி இளம் செங்கல் நிறம், கலவை சரி என்று அர்த்தம். கத்தரிப் பாத்தி எல்லாவற்றுக்கும் பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பாய்ந்துவிட்டது.

இப்போது இறைத்து முடிந்ததும் சுவிட்சை அணைப்பதில்லை. பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். அடுத்த வேலை, டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் டியூப். வளைத்தால் வெடிப்பு தெரிகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.