வெளிச்செண்ணெய் தடவின மண்வெட்டி

குலசேகரத்தில் பனி என்றால் மார்கழிக் காலைப் பனிதான். நான் ஒன்பது வருஷம் பனி அள்ளினவன் என்று சாயாக்கடையில் சொன்னால் சிரிக்கிறார்கள். எல்லைச் சாலை அமைப்பில் மிஷின் ஓட்டினேன், அதில் நாலு குளிர்காலம் லடாக்கில் திராஸ் பக்கம்.

"உப்பைப் போட்டா உருகிராதா மாமா? நம்ம சாமித்தோப்பு அளத்துல இல்லாத உப்பா?" என்றான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு பையன். உருகும், மைனஸ் ஐந்து, ஆறு வரைக்கும். ராத்திரி மைனஸ் இருபதுக்குப் போகிற இடத்தில் உப்பும் மணலும் ஒன்றுதான்.

பெரிய டோசர்கள் எல்லாம் நெடுஞ்சாலைக்கு, அதிலும் 11,500 அடிக்கு மேலே இருக்கிற சோஜி லா கணவாய்க்கு. கிராமத்துக்குப் பிரிகிற வழிக்கு யார் வருவார்கள்? எங்களிடம் இருந்தது ஒரு டிராக்டர், காலித் தார் டிரம், தடி. டிரம்மை வெட்டி விரித்து, கலப்பை மாதிரி முனை வைத்துச் சேர்த்த இரண்டு தடியில் ஆணி அடித்தோம். முனையில் சங்கிலி மாட்டி இழுத்தால் பனி இரண்டு பக்கமும் ஒதுங்கும் என்று கணக்கு. முதல் நாள் அது பனிக்கு மேலே வள்ளம் போல மிதந்து வந்தது! அப்புறம் மணல் மூட்டை நாலு ஏற்றினோம், அடங்கியது. ஆனால் முக்கால் அடி புதுப் பனி வரைக்கும்தான். ஒரு ராத்திரி விட்டால் இறுகிவிடும், பிறகு கடப்பாரைதான்.

இறுகின இடத்தில் ஊர்க்காரர்கள் அடுப்புச் சாம்பலையும் மண்ணையும் தூவுவார்கள். கறுத்த இடம் வெயிலை இழுத்துச் சீக்கிரம் உருகும், வழுக்கவும் செய்யாது. எங்கள் படிப்பெல்லாம் அந்தக் கிழவிகளிடம்தான்.

கையால் அள்ளும்போது இன்னொரு தொல்லை. ஈரப் பனி மண்வெட்டியில் ஒட்டிக்கொள்ளும், பாதி பலம் அதை உதறவே போகும். ஒரு நாள் வீட்டிலிருந்து வந்த வெளிச்செண்ணெயை, அதாவது தேங்காய் எண்ணெயை எடுத்தேன். 24 டிகிரிக்குக் கீழேயே உறையத் தொடங்குகிற எண்ணெய், அங்கே மெழுகுக் கட்டி. ஸ்குரூ டிரைவரால் குத்தி எடுத்து, தகரத்தில் தேய்த்துப் பார்த்தேன். பனி வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் பஞ்சாபிப் பையன்கள் வரிசையில் நின்றார்கள்.

அடுத்த லீவில் இரண்டு பாட்டில் கூடுதலாகக் கேட்டேன். "பரவாயில்லையே, இப்பமாவது தலைக்கு எண்ணெ வைக்கியே" என்றாள் அம்மா.