முறத்தைச் சுவரில் மாட்டுவார்களா?

'சுவர் அலங்காரம், 38 யூரோ' என்று சீட்டு ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் முறம்! நம் வீட்டு அடுப்படியில் சாய்த்து வைத்திருப்போமே, அதே மூங்கில் முறம். மனசு சுருக்கென்றது.

தூர் நகரத்துக்குப் பக்கத்தில் நடந்த கைவினைத் திருவிழா அது. மண், மரம், கம்பளி, குச்சி என்று எல்லாம் கையால் செய்த பொருள்கள். நான் பிரான்சுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, ரொட்டி பழகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஊரே கடையடைத்துக் கிடப்பதும் பழகிவிட்டது. ஆனால் அந்த முறத்தின் விளிம்பைத் தொட்டதும் புதுச்சேரிப் பக்கத்து எங்கள் பாகூருக்கே போய்விட்டேன்.

எங்கள் பக்கத்தில் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. இந்தக் கரை சோரியாங்குப்பம், அந்தக் கரை கடலூர். சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தென்பெண்ணை மணலில் வந்து இறங்கும். சாமி கும்பிட்ட கையோடு அம்மாவுக்குச் சிறுவள்ளிக்கிழங்கும் முறமும் வாங்கியாக வேண்டும். முறத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பின்னலைப் பார்ப்பார். "ஏக்கா, பத்து ரூவா கொறச்சுக்கக் கூடாதா?" விற்கிற அக்கா மூங்கிலைச் சீவிக்கொண்டே, "கையெல்லாம் கிழியுதும்மா" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள்.

இங்கே கைவினைத் திருவிழாவில், பக்கத்துக் கடையில் ஒரு பெரியம்மா கூடை பின்னிக்கொண்டிருந்தார். வில்லேன் லே ரோஷேக்காரர். கூடைக்குப் பேர்போன கிராமம். 1849-லேயே கூட்டுறவு சங்கம் கண்டவர்கள். குளிர்காலத்தில் வெட்டிய வில்லோ குச்சிகளைத் தண்ணீரில் நிறுத்தி வைத்து, வசந்தத்தில் துளிர்த்ததும் பட்டை உரிப்பார்களாம். அவர் கையிலும் அதே கீறல்கள்.

இது அலங்காரம் இல்லை என்று யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. முறத்தைக் கழற்றி, வெறும் முறத்தையே புடைத்துக் காட்டினேன். பெரியம்மா முகம் மலர்ந்துவிட்டது. "வன்!" என்றார், மூக்கால். அந்தக் காலத்தில் இவர்கள் கோதுமை புடைத்த முறத்துக்கு அதுதான் பேராம். கூடை பின்னும் தொழிலை இங்கே 'வன்ரி' என்பார்கள். அந்தச் சொல்லே வன்னிலிருந்து பிறந்ததுதான் என்றார். ஒன்பது வருடமாகக் கடைப் பலகைகளில் நான் படித்துவந்த சொல்! அதற்குள் ஒரு முறம் இருந்திருக்கிறது. பெரியம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

38 யூரோவைக் கொடுத்துவிட்டேன். பேரம் பேச வாய் வரவில்லை.

ராத்திரி வீடியோவில் காட்டினால் அம்மாவுக்கு விலை பெரிதாகப் படவில்லை. "மெழுகாத முறத்தயா மாட்டி வச்சிருந்தாங்க?" என்றார். சாணிக்கு இங்கே எங்கே போவது? அப்புறம் அவர் சொன்னபடி பழைய செய்தித்தாளையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து, முன்னும் பின்னும் வழித்துப் பூசினேன். இப்போது பால்கனியில் காய்கிறது. வீடெல்லாம் வெந்தய வாசம்.

"மூலையில விட்டுட்ட பாரு, நொய்யி அங்கதான் ஒழுகும்" என்கிறார் அம்மா. விழுது இன்னும் ஒரு கை மிச்சம் இருக்கிறது.