இரண்டு மெஷின்களுக்கு ஓர் அறிவிப்பு

இங்கிலாந்தில் ஒரு நகர கவுன்சிலின் லைசன்ஸ் பிரிவில் பணியாற்றுகிறேன். மது விற்பனை, டாக்சி, நள்ளிரவு உணவகம் எனப் பலவும் எங்கள் மேசைக்கு வரும். அவற்றுள் கோப்பு மிக மெலிந்ததாகவும், எனக்கு மிகுந்த கவலை தருவதாகவும் இருப்பது பப்களில் வைக்கப்படும் ஃப்ரூட் மெஷின்கள், அதாவது காசு போட்டு ஆடும் சூதாட்ட மெஷின்களின் விவகாரம்தான்.

2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மது விற்கும் உரிமமும், சாப்பிட வராதவர்களுக்கும் மது பரிமாறும் ஒரு பாரும் உள்ள பப், பந்தயத் தொகையையும் பரிசையும் வைத்துப் பிரிக்கப்படும் வகைகளில் ‘சி’ அல்லது ‘டி’ வகை மெஷின்கள் இரண்டை வைத்துக்கொள்ளலாம். உரிமதாரர் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் அறிவித்து 50 பவுண்டு கட்டணம் கட்டினால் போதும். அதை மறுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. இரண்டுக்கு மேல் வேண்டுமென்றால்தான் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கேள்வி கேட்கவும், எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்கவும், தேவையானால் மறுக்கவும் எங்களுக்கு அப்போதுதான் வழி பிறக்கிறது. பெரும்பாலான பப்கள் இரண்டோடு நின்றுவிடுவதால் அந்த வாய்ப்பு அபூர்வமாகவே வருகிறது.

‘சி’ வகை மெஷினில் ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 1 பவுண்டு வைக்கலாம். பரிசு 100 பவுண்டைத் தாண்டக் கூடாது. சிறிய தொகைதானே என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி எண்ணுவதில்லை. பந்தயக் கடை நடத்துபவர், சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான சூதாட்ட ஆணையத்திடம் நடத்துநர் உரிமமும், கவுன்சிலிடம் வளாக உரிமமும் பெற வேண்டும்; பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அந்தக் கடைக்குள் நுழையவே முடியாது. பப் அப்படியல்ல. ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருகிறார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் மேசைகளுக்கிடையே ஓடித் திரிகிறார்கள். மெஷினை வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனம் ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டுமே தவிர, அதை வைத்திருக்கும் பப்புக்கு அத்தகைய உரிமம் தேவையில்லை. ஆகவே உரிமம் பெற்றவர்களை ஆணையம் கட்டிப்போடும் நிபந்தனைகளும் அதற்குப் பொருந்துவதில்லை.

அங்கே எஞ்சி நிற்பது ஆணையத்தின் நடைமுறைக் கோவை ஒன்றே. மெஷினைப் பயன்படுத்துவோரை ஊழியர்கள் பார்த்தபடியோ வேறு வழியிலோ கண்காணிக்கக்கூடிய இடத்தில் அதை வைக்க வேண்டும். பணம் எடுக்கும் ஏடிஎம் இருந்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போனால்தான் அதை அணுக முடியும் என்ற இடத்தில் அது இருக்க வேண்டும். சட்டம் தரும் பாதுகாப்பு முழுவதும் கடைசியில் பாரில் பியர் ஊற்றிக்கொண்டிருப்பவரின் கண்ணில் வந்து நிற்கிறது. 2018இல் ஆணையமும் கவுன்சில்களும் காவல்துறையும் சேர்ந்து சிறுவர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பப்கள் அவர்கள் மெஷினில் ஆடுவதைத் தடுக்கத் தவறின. அந்த முடிவைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆனால் பப்களுக்குள் போய்ப் பார்த்துப் பழகிய எவருக்கும் அது வியப்பாக இருந்திருக்காது.

சோதனைக்குப் போகும்போது நான் முதலில் மெஷின் அருகே போவதில்லை. அனுமதி கேட்டு பாரின் பின்பக்கம் சென்று, ஊழியர் நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பேன். ஒரு பப்பில் அப்படி நின்றபோது மெஷினின் விளக்குகள் மட்டும் தூணின் ஓரத்தில் மின்னின; காசு போடும் துளையும் பொத்தான்களும் தூணுக்குப் பின்னே மறைந்திருந்தன. கழிவறைக்குப் போகும் வழியும் அதுதான், பிள்ளைகளுக்கான உயரமான நாற்காலிகளை அடுக்கியிருந்த மூலையும் அதுதான். ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மெஷினைக் கொண்டுவந்தவர்கள் ப்ளக் இருந்த இடத்தில் இறக்கிவிட்டுப் போனதாகப் பப் நடத்துபவர் சொன்னார். அவர் பொறுப்பற்றவர் அல்லர். அதுவரை எவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. ஒரு மேசையை எடுத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து, மெஷினை பாரின் ஓரத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

கிளப்களின் விதி வேறு. குறைந்தது 25 உறுப்பினர்கள் உள்ள கிளப், பத்தாண்டு செல்லும் பெர்மிட்டின் பேரில் மூன்று மெஷின்கள் வரை வைக்கலாம். ஆனால் அதற்கு விண்ணப்பமும் பரிசீலனையும் உண்டு என்பதால் என் கவலை அங்கே குறைவு.

பப்களில் கைமாற்றமும் ஒரு சிக்கல். மெஷின் வைக்கும் உரிமை அறிவித்த உரிமதாரரைச் சார்ந்தது. மது உரிமம் வேறொருவர் பெயருக்கு மாறினால் அவர் மீண்டும் அறிவித்து 50 பவுண்டு கட்ட வேண்டும். புதிதாக வருபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை; மெஷின் முன்பிருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மெஷின்கள் நடத்தப்படும் விதம் சட்டத்தின் நோக்கங்களுக்கு ஒவ்வாதது என்று கண்டால் அந்த உரிமையைப் பறிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. முன்னறிவிப்பும், கேட்டால் விசாரணையும் தந்த பிறகே அதைச் செய்ய முடியும். தவறு நடந்த பிறகு வரும் பரிகாரம் அது. எனக்கு வேண்டியது அதற்கு முன்னால் கேட்கப்படும் ஒரே கேள்வி: மெஷின் எங்கே நிற்கப் போகிறது? அறிவிப்போடு ஒரு தரைப்படமும் இணைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, படிவத்தை அனுப்பும்போதே கையால் வரைந்த படமானாலும் ஒன்று சேர்த்து அனுப்பும்படி வேண்டிக் கடிதம் வைக்கிறோம். கட்டாயம் இல்லை என்று தெரிந்தும் பலர் வரைந்து அனுப்புகிறார்கள். அந்தப் படத்தில் நான் முதலில் தேடுவது பாரிலிருந்து மெஷினுக்குப் போகும் நேர்கோட்டைத்தான்.