வைத்த இடத்தில் எதுவும் இல்லை

எங்கள் வட்டாரத்துத் தமிழர் குழு, சென்ற ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ‘கரையோரப் புதையல் வேட்டை’ என்ற பெயரில் ஒரு நடைப்போட்டியை அறிவித்தபோது, முதலில் பெயர் கொடுத்தவன் நான்தான். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தைச் சுற்றி நடந்து, விடுகதை வடிவில் தரப்படும் ஆறு துப்புகளை அவிழ்த்து, ஒவ்வோர் இடத்திலும் குழுவினர் அனைவரும் நின்று படம் எடுத்துக்கொண்டு, பகல் 12 மணிக்குள் முடிவிடத்துக்கு வந்து சேர வேண்டும். கைபேசியில் விடை தேடக் கூடாது. ஒரு குழுவுக்கு நால்வர். நான், என் மனைவி, 12 வயது மகள் என்று நாங்கள் மூவர்தான் இருந்தோம். நான்காவது ஆளாக என் மாமனாரைச் சேர்த்துக்கொண்டதை, அன்று காலைவரை என்னுடைய சாமர்த்தியம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமா 1947இல் இங்கேயே பிறந்தவர். ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் பெரிய தபால் நிலையம் இயங்கிய காலத்தில் அங்கே 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். போட்டி நடக்கவிருந்த வட்டாரத்தில் அவர் கால் படாத கல் கிடையாது. “நமக்கு வரைபடமே தேவையில்லை, மாமாதான் வரைபடம்” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பிறந்ததுமுதல் தன் தந்தையை அறிந்தவளாகிய அவள், பதில் எதுவும் சொல்லாமல் பையில் தண்ணீர்ப் புட்டிகளின் எண்ணிக்கையை நான்கிலிருந்து ஆறாக உயர்த்தினாள். நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. மாமா வரைபடம்தான். அது அச்சான ஆண்டைத்தான் நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

காலை 9 மணிக்கு விக்டோரியா அரங்கின் முன்னால் எங்களுக்கு உறையைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த தாளின் தலைப்பில், ‘போட்டியாளர்கள் கூடியவரை கடலை ஒட்டியே நடந்து செல்லவும்’ என்று அச்சிட்டிருந்தது. மற்றக் குழுக்கள் அந்த வரியைத் தாண்டி ஓடிவிட்டன. மாமா அங்கேயே நின்றுவிட்டார்.

“எந்தக் கடல், தம்பி?” என்று உறை கொடுத்த தொண்டூழிய இளைஞரைக் கேட்டார்.

அந்தப் பிள்ளை பணிவாக மரினா பே பக்கம் கையை நீட்டினார்.

“அது கடல் இல்லையே. குடிதண்ணீர் அல்லவா?”

வருத்தத்துக்குரிய செய்தி என்னவென்றால், மாமா சொன்னது சரி. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு அந்த விரிகுடா நீர்த்தேக்கமாகிவிட்டது. அதற்கு முன்பே கரையைத் தூர்த்துத் தூர்த்து நிலம் வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. எஸ்பிளனேட் கலையரங்கம் நிற்கும் இடமே ஒரு காலத்தில் நீர்ப்பரப்பு. தம் இளமையில் எலிசபெத் நடைபாதையின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் அலைத்திவலை சட்டையை நனைக்கும் என்றும், கடற்கரையே இல்லாத பீச் ரோட்டுக்கு இன்னும் அந்தப் பெயர் இருப்பது கடலுக்குச் செய்யும் திவசம் போன்றது என்றும் மாமா விளக்கினார். “கடலையே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள், தம்பி. தாளைத் திருத்துங்கள்” என்று முடித்தார். இளைஞர் எதையோ குறித்துக்கொண்டார். திருத்தத்தைக் குறித்தாரா, எங்கள் குழுவைக் கண்காணிக்க வேண்டும் என்று குறித்தாரா என்பது தெரியவில்லை. முதல் துப்பைப் படிக்கும் முன்பே 10 நிமிடம் போயிற்று.

‘வாயில்லை, நான்கு மொழி பேசுவேன், வந்தவர் போய்விட்டார், வரவேற்பு மட்டும் நிற்கிறது’ என்பது முதல் துப்பு. என் மகள் தலையை நிமிர்த்தினாள். எதிரிலேயே டல்ஹௌசி நினைவுத்தூண் நின்றது. இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த டல்ஹௌசி பிரபு 1850 பிப்ரவரியில் இங்கு வந்துபோனதற்காக எழுப்பியது. ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், தமிழ் என நான்கு மொழிகளிலும் அதில் கல்வெட்டு உண்டு. தமிழ் உள்ள பக்கத்தை அவள் விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்டியபோது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிறைந்தது. அப்போது பின்னாலிருந்து, “இதுவும் முதலில் வைத்த இடத்தில் இல்லை” என்று குரல் வந்தது. அதுவும் உண்மைதான். கரையை நிரப்பியபோது 19ஆம் நூற்றாண்டிலேயே இடம்பெயர்ந்த தூண் அது.

இரண்டாவது துப்பில் பிழை என்னுடையது. ‘கறுப்பாய் ஒருவர், வெளுப்பாய் ஒருவர், இருவரும் ஒருவரே, கைகட்டி நிற்பவர் பணியாளர் அல்லர்’ என்பதைப் படித்தவுடன், எனக்குள் உறங்கிக்கொண்டிருந்த தமிழாசிரியர் விழித்துக்கொண்டார். இரவும் பகலும், வளர்பிறையும் தேய்பிறையும், உடலும் நிழலும் என்று ஐந்து நிமிடம் பொழிப்புரை சொன்னேன். “அப்பா, ராஃபிள்ஸ்” என்றாள் மகள். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் கரிய வெண்கலச் சிலை விக்டோரியா அரங்கின் முன்னால் இருக்கிறது. அதைப் பார்த்து 1972இல் செய்த வெள்ளைச் சிலை ஆற்றோரத்தில் இருக்கிறது. இரண்டிலும் படம் எடுக்க வேண்டும். கரியவர் 1887இல் முதலில் பாடாங் திடலின் நடுவில்தான் நின்றார் என்றும், 1919இல்தான் இங்கே கொண்டுவந்தார்கள் என்றும், ஆகவே நியாயப்படி திடலின் நடுவில் போய்ப் படம் எடுப்பதே முறை என்றும் மாமா வாதிட்டார். மனைவி அவர் கையில் ஒரு தண்ணீர்ப் புட்டியைத் திணித்தாள். வெள்ளைச் சிலையின் அருகில் போனதும் அடுத்த மனக்குறை. 2019 தொடக்கத்தில், ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்த 200ஆம் ஆண்டு நினைவையொட்டி நாராயண பிள்ளை உள்ளிட்ட நால்வருக்குச் சிலை செய்து ராஃபிள்ஸ் பக்கத்தில் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தார்கள். ராஃபிள்சோடு கப்பலில் வந்து, 1827இல் மாரியம்மன் கோயில் எழக் காரணமாக இருந்த அந்தப் பிள்ளையவர்கள் நின்ற இடம் இது என்று சொல்லி, மாமா அந்த வெற்றிடத்துக்கு அருகில் நின்றுதான் படத்துக்கு முகம் காட்டினார்.

‘மாடு வரக் கூடாது, குதிரை வரக் கூடாது, மற்றவர் வரலாம், எடை பார்த்து வரலாம்’ என்ற மூன்றாவது துப்புக்கு கேவனா பாலம் விடை. 1870இல் திறக்கப்பட்டு, 1910இல் ஆண்டர்சன் பாலம் வந்த பிறகு நடப்பவர்களுக்கென்று விடப்பட்ட பாலம். மாடு, குதிரைகளுக்கும், சுமையோடு சேர்த்து 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேல் கனக்கும் வண்டிகளுக்கும் அனுமதி இல்லை என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது. ஒரு ஹண்ட்ரட்வெயிட் என்றால் 112 ராத்தல், மூன்றுக்கு 336 ராத்தல், அதாவது ஏறக்குறைய 152 கிலோ என்று மாமா மனக்கணக்கில் சொன்னார். தபால் மூட்டை தூக்கிய கணக்கு மறக்காது என்றார். என் எடை 84, மாமாவின் எடை 71, சேர்த்தால் 155. விதி வண்டிகளுக்குத்தான் என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், நாங்கள் இருவரும் சேர்ந்து பாலத்தில் ஏறக் கூடாது என்று மகள் தீர்ப்பு வழங்கிவிட்டதால், நான் 20 அடி பின்னால் தனியாக நடந்து சென்றேன். பாலம் கட்டிய இடத்திலேயே இருந்ததில் மாமாவுக்குச் சற்று ஏமாற்றம் என்று அவர் நடையிலிருந்தே தெரிந்தது.

நான்காவது துப்பை எழுதியவர் ஆளைக் காட்டினால் கைகுலுக்குவேன்: ‘தலை காட்டில், வால் கடலில், ஓயாமல் துப்புவேன், அபராதம் கிடையாது. துப்பே என் துப்பு!’ சாலையில் துப்பினால் தண்டம் கட்ட வேண்டிய ஊரில் இதற்கு விடை தெரியாதவர் யார்? “மெர்லயன்” என்று நால்வரும் ஒரே குரலில் கத்தினோம். சிங்கத் தலையும் மீன் உடலுமாக வாயால் நீர் உமிழும் சிலை. அன்றைக்கு நாங்கள் ஒருமித்துப் பேசியது அந்த ஒரு முறைதான்.

“என் பின்னால் வாருங்கள், குறுக்கு வழி இருக்கிறது” என்று மாமா முன்னே நடந்தார். ஆறு முடியும் முனைக்கு வந்து, கம்பீரமாகக் கையை நீட்டினார். கை நீண்ட இடத்தில் சிங்கம் இல்லை. திருமணப் படம் எடுக்க வந்த ஒரு மணப்பெண்ணும், அவளுடைய பாவாடை விளிம்பைத் தூக்கிப் பிடித்திருந்த ஒரு தோழியும்தான் இருந்தார்கள். 1972 செப்டம்பரில் பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தபோது சிங்கம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 1997இல் வந்த எஸ்பிளனேட் பாலம் அதன் முகத்தை மறைத்ததால், 2002இல் அந்த 8.6 மீட்டர் உயரமும் 70 டன் எடையும் கொண்ட உருவத்தை 120 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். இதெல்லாம் மாமாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், அவருடைய கால்கள் அந்த ஆணையை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. “நீங்கள் நிற்பது சிங்கத்தின் இடம், அம்மா” என்று மணப்பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் பயந்து இரண்டு அடி நகர்ந்தாள். படப்பிடிப்பாளர் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இதற்கிடையில் தண்ணீரில் ஒரு நீர்நாய்க் குடும்பம் தலை தூக்கியது. பெரியது ஒன்று மல்லாந்து மிதந்தபடி, மீனை இரண்டு கையாலும் பிடித்து, வாழைப்பழம் தின்பதைப் போலத் தலையிலிருந்து வாலை நோக்கிக் கடித்துக்கொண்டே போயிற்று. எலும்பு நொறுங்கும் ஓசை கரைவரைக்கும் கேட்டது. மகள் 60 படங்கள் எடுத்தாள். போட்டி என்ற ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்பதை நினைவுபடுத்த வேண்டிய நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையான சிங்கத்திடம் படம் எடுத்துக்கொண்டு, ஐந்தாவது துப்பைப் பிரித்தோம். ‘ஊர்த் தூரமெல்லாம் என்னிடம் தொடங்கும், அன்று கடிதங்கள் தங்கின, இன்று காசுள்ளவர்கள் தங்குகிறார்கள்.’ மாமா ஒன்றும் பேசவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். 1928இல் திறந்த ஃபுல்லர்ட்டன் கட்டடம் இன்று ஹோட்டல். அங்கிருந்த பெரிய தபால் நிலையத்தை வைத்துத்தான் ஒரு காலத்தில் சாலை மைல்களை எண்ணினார்கள். ‘ஏழாங்கட்டை’, ‘பத்தாங்கட்டை’ என்று பெரியவர்கள் சொல்லும் கட்டைகளுக்கெல்லாம் சுழியக் கட்டை அது.

நாங்கள் வாசலை எட்டவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. அந்த மழையில் அரை மணி நேரம், பழைய கவுண்ட்டர் எவ்வளவு நீளம், தபால் மூட்டைகள் துறைமுகப் படித்துறைக்குப் போன சுரங்கப்பாதை எங்கே தொடங்கியது, உச்சியிலிருந்த கலங்கரை விளக்கு எப்போது அணைந்தது என்பவற்றை மாமா விளக்கினார். கேட்டவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். வாசலில் நின்ற ஹோட்டல் ஊழியர் ஒருவர் மரியாதைக்குக் கேட்கத் தொடங்கி, பிறகு மெய்யாகவே கேட்டு, கடைசியில் பெட்டியோடு வந்த ஒரு விருந்தினரையும் நிறுத்தி வைத்துக் கேட்கச் செய்தார். அந்த நேரத்தில் வேறு மூன்று குழுக்கள் குடை பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனதை நான் எண்ணினேன்.

ஆறாவது துப்பு: ‘தண்ணீர் தந்தவருக்குத் தண்ணீராலேயே நன்றி, தட்டின்மேல் தட்டு வைத்துச் சொன்ன நன்றி.’

“டான் கிம் செங் நீரூற்று!” என்றார் மாமா. குடிநீர்த் திட்டத்துக்கு 1857இல் 13,000 வெள்ளி கொடுத்த வணிகரின் நினைவாக வைத்தது. “இதோ, தபால் நிலையத்துக்கு முன்னால்தான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.” ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தை இரண்டு முறை சுற்றினோம். பேருந்து நிறுத்தம் இருந்தது, குப்பைத் தொட்டி இருந்தது, நீரூற்று இல்லை. அந்த நீரூற்று 1882இல் அங்கே திறக்கப்பட்டதும், 1925இல் அங்கிருந்து போய்விட்டதும் உண்மை. தாம் பிறப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே இடம் மாறிய ஒன்றை மாமா எப்படிக் கண்ணால் பார்த்தார் என்பதைக் கேட்கும் துணிவு மருமகனுக்கு இல்லை.

மனைவிதான் நிதானமாகக் குடையை மடக்கியபடி கேட்டாள். “அப்பா, சின்ன வயதில் எங்களை எஸ்பிளனேட் பூங்காவில் சாத்தே கிளப் உணவுக் கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போவீர்களே, அங்கே பக்கத்தில் ஒரு நீரூற்றைச் சுற்றி நானும் தம்பியும் ஓடுவோமே, அது எது?”

மாமா வெகுநேரம் சாலையைப் பார்த்தார். “அதுதான் இது” என்றார்.

ஆண்டர்சன் பாலத்தைக் கடந்து, பூங்கா முழுக்க நடந்து, நீரூற்றில் படம் எடுத்துத் திரும்பினோம். முடிவிடம் லிம் போ செங் நினைவுச்சின்னம். எட்டு மூலை மண்டபமும் நான்கு வெண்கலச் சிங்கங்களுமாக 1954இலிருந்து நிற்பது. கடைசி 50 மீட்டரை ஓடியே கடந்தோம். என் கடிகாரத்தில் 11.56. மூச்சு வாங்கியபடி சுற்றிலும் பார்த்தேன். மேசை இல்லை, பதாகை இல்லை, பிரியாணிப் பொட்டலங்கள் இல்லை, மனிதர்களும் இல்லை. ஈரப் புல்லும் நான்கு சிங்கங்களும்தான் இருந்தன.

விதிக்குக் கட்டுப்பட்டு ஓசையை அடைத்துப் பையின் அடியில் போட்டிருந்த கைபேசியை எடுத்துப் பார்த்தேன். குழுவின் வாட்ஸ்அப்பில் 11.10க்கே செய்தி வந்திருந்தது: ‘மழை காரணமாக முடிவிடம் எஸ்பிளனேட் பாலத்தின் அடிக்கு மாற்றப்பட்டுள்ளது.’ ஏற்பாட்டாளரை அழைத்தேன். “பக்கத்தில்தான் சார், 100 மீட்டர், 120 மீட்டர் இருக்கும். சீக்கிரம் வாருங்கள், பிரியாணி ஆறுகிறது” என்றார்.

கைபேசி ஒலிபெருக்கியில் இருந்ததால் மாமாவும் கேட்டுவிட்டார். காலையிலிருந்து அவர் முகத்தில் காணாத ஒரு பூரிப்பு அப்போது மலர்ந்தது. சிங்கம் ஒன்றின் பிடரியில் ஊன்றியிருந்த கையை எடுத்து, வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “120 மீட்டர்தானே, மாப்பிள்ளை? அந்தச் சிங்கம் போன தூரம்தான். நடங்கள்” என்று முன்னே சென்றார்.